உரோமப் பேரரசர் காசுகளும் அவற்றின் உருவப்பொருளும்

பண்டை நாட்டார் வரலாற்றை அறிதற்குரிய கருவிகள் பல. நூல்கள், கல்வெட்டுக்கள், செப்பேடுகள், இடிந்த கோட்டைகள், மண்ணுள் புதைந்த கலங்கள் என்னும் இவற்றுள் அளவால் மிகச் சிறியது காசேயாகும். ஆயினும் அதற்கென ஒரு தனிச் சிறப்பு உண்டு. கல்வெட்டு நின்ற இடத்திலேயே நிற்பது. அதனைக் காண விரும்புவார் அதனை நாடிச் செல்லல் வேண்டும். காசோ தானே மக்களை நாடிச் செல்வது. போர்வீரன் அதனைக் கூலியாகப் பெறுவான். அப்பம் விற்பவனுக்கு அவன் அதனைக் கொடுப்பான். அப்பம் விற்பவன் வரி தண்டுவோனிடம் அதனை எண்ணி வைப்பான். இங்ஙனம் கைமாறிச் செல்லும் சிறு தகட்டின்மேல் ஒரு பேரரசு எதனைப் பொறித்ததோ, அதுவே தன் குடிகள் நம்பவேண்டுமென்று அப் பேரரசு விரும்பியது என்று கூறுதல் பொருந்தும். விரும்பியது என்றே யாம் கூறுகின்றோம். நிகழ்ந்தது என்று கூறினோமல்லேம். இவ்விரண்டற்கும் இடையே உள்ள வேற்றுமையை அறிந்து காசினைப் படித்தல் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையில் விளக்கப் புகுந்த பொருளாகும்.

1. உருவம் ஏறிய வரலாறு

உரோமர் தெனாரியம் என்னும் வெள்ளிக்காசினை ஏறக்குறைய கி. மு. 211-ஆம் ஆண்டில் வழக்கிற் கொணர்ந்தனர். தொடக்கத்தில் அதன்மேல் தெய்வங்களின் தலைகளே பொறிக்கப்பட்டன. பின்னர்க் காசடிக்கும் அதிகாரிகள் தம் முன்னோருடைய புகழையும் பொறித்துக்கொண்டனர். உயிரோடிருக்கும் உரோமன் ஒருவனது முகம் உரோமநகரத்துக் காசில் ஏறியது கி. மு. 44-ஆம் ஆண்டிலேதான். அவன் யூலியு சீசர். முடியரசை வெறுத்து நானூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் குடியரசாய் வாழ்ந்த அந்நகரத்தார்க்கு இஃது எத்துணை அச்சத்தை விளைத்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாளில் சீசர் கொலையுண்டான்.

கொன்றவருள் தலைவனாகிய புரூட்டன் பின்னர்த் தன் படைக்குக் கூலி கொடுத்தற்பொருட்டு ஒரு காசு அடித்தான். அதன் ஒருபுறத்தில் இரண்டு குத்துவாள்களும், அவற்றின் நடுவே ஒரு குல்லாயும், கீழே கொலை நிகழ்ந்த நாளின் பெயரும் காணப்படும். அக் குல்லாய் அடிமைத்தளை நீங்கியோர் அணிவது. 'வாளால் விடுதலை வந்தது' என்னும் முழுவாக்கியத்தை இம் மூன்று குறிகளும் கூறிவிடுகின்றன. ஆனால் அதே காசின் மறுபுறத்தில் இருப்பது யாருடைய தலை? புரூட்டனுடைய தலையே! முகம் பொறித்துக்கொண்டவனைக் கொன்றவன் தன் முகத்தையே பொறித்துக்கொண்டான். காசின் ஒரு பக்கத்தை மட்டும் நோக்கி மற்றொன்றை விடுவார் பாதிச் செய்தியையே அறிவர் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

2. தலைப்பக்கம்

நம் சிறுவர் காசினைச் சுண்டிப் 'பூவா தலையா' என்று கேட்பர். அவ்வழக்கினையே பின்பற்றி யாமும் காசின் இரு பக்கங்களையும் தலைப்பக்கம், பூப்பக்கம் என்று கூறுவோம்.

தலைப்பக்கத்தில் இருப்பது பேரரசன் தலை. அவன் தலையில் அணிந்திருப்பது யாதென முதலில் நோக்குதல் வேண்டும். நம் பழந்தமிழ்ப் புறத்துறைகளைக் கற்றோர்க்கு இவ்வகை நோக்கு புதிதன்று. ஒருவன் வெட்சி சூடினான் எனின் ஆநிரை கவரச் சென்றான் என்றும், வாகை சூடினான் எனின் வென்றான் என்றும் நாம் உடனே உணர்கின்றோம் அல்லமோ? அதுபோலவே உரோமக் காசில் லாரல் என்னும் இலைமாலை வெற்றியைக் குறிப்பது. ஓக்கு என்னும் மரத்தின் இலையால் தொடுத்த மாலையோ குடிகளின் உயிரைக் காத்தவனுக்குரியது. அகுஸ்துவின் காசுகளில் அம்மாலையும், 'குடிகளைக் காத்தமையால்' என்னும் எழுத்தும் ஒருங்கே காணப்படும். கதிர்கள் எழும் முடி சூரியனுக்குரியது. நீரோவின் காலமுதல் செம்பினத்துக் காசுகளில் அஃது இரட்டை மதிப்பினையும் குறிப்பதாயிற்று. எழுத்தறியாதவனும் முடியை நோக்கி இக் காசு இரண்டற்குச் சமம் என்று அறிந்துகொள்ளலாம்.

தலையைச் சுற்றியுள்ள எழுத்துக்கள் குறுக்கப்பட்ட விருதுப்பெயர்கள். படைத்தலைவன், சீசர், அகுஸ்து, தலைமைக் குரு, கொன்சல், நாட்டின் தந்தை என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றோடு குடிமக்கட் காவலதிகாரம் என்னும் பட்டமும் வரும். அஃது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதாதலின், எத்தனையாவது முறை என்னும் எண் காசு அடிக்கப்பட்ட ஆண்டினைக் காட்டிவிடும். கொன்சல் பதவியின் எண்ணும் இங்ஙனமே உதவும். தீத்து என்னும் பேரரசனுடைய பெருஞ்செம்புக்காசு ஒன்றில், கொலோசியம் என்னும் விளையாட்டரங்கம், உள்ளே மக்கள் நெருங்கி அமர்ந்திருக்கும் காட்சியோடு பொறிக்கப்பட்டுள்ளது. அதில் அவன் எட்டாம் முறை கொன்சல் என்று காண்கின்றோம். ஆகவே அது கி. பி. 80-ஆம் ஆண்டினை ஒட்டியது எனத் தெளிகின்றோம். அவ்வரங்கம் திறக்கப்பட்டதும் கி. பி. 80-ஆம் ஆண்டிலேயாம்.

3. பூப்பக்கத்து மகளிர்

பூப்பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பெண்ணுருவம் நிற்கும், அல்லது அமர்ந்திருக்கும். புதிதாகக் காண்போர்க்கு அவ்வுருவங்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். முகத்தை நோக்கிப் பயனில்லை. கையை நோக்குதல் வேண்டும். நம் கோயிற் சிற்பங்களிலும் ஏந்திய படைக்கலத்தையும் ஏறிய ஊர்தியையும் கொண்டன்றோ இன்ன தெய்வம் என்று அறிகின்றோம்!

ஒலிவக்கிளையை ஏந்தியவள் சமாதானம். துலாக்கோலை ஏந்தியவள் நேர்மை. தானியக் கதிர்களைக் கையிற்கொண்டு, மரக்கால் போன்ற அளவுக்கலமும் கப்பலின் முன்பகுதியும் அருகிருக்க நிற்பவள் அன்னோனா. உரோமநகரத்திற்குக் கடல்வழி வந்த தானியத்தின் உருவம் அவள். அடிமை நீங்கியோர் குல்லாயை ஏந்தியவள் விடுதலை. பாம்பிற்கு உணவூட்டுபவள் நலம். கப்பற் சுக்கானைப் பிடித்திருப்பவள் ஊழ். வாழ்க்கைக் கலத்தைத் திருப்புபவள் அவளே என்பது கருத்து. ஒரு கையில் மலரின் முகிழை ஏந்தி, மற்றொரு கையால் ஆடையின் ஓரத்தைச் சற்றே தூக்கி முன்னோக்கி நடப்பவள் நம்பிக்கை; மலராத முகிழைப் போலவே நம்பிக்கையும் இனி வருவதனைப் பற்றியதன்றோ? இறகுடையவளாய் மாலை ஏந்தி வருபவள் வெற்றி. இவருள் பலர் இடக்கையில் கனிகள் நிரம்பி வழியும் வளக்கொம்பு ஒன்றினையும் தாங்கியிருப்பர்.

நாடுகளும் இவ்வாறே பெண்ணுருவம் பெறும். அதிரியான் என்னும் பேரரசன் கி. பி. 117 முதல் 138 வரை ஆண்டவன். தன் ஆட்சியின் பெரும்பகுதியை நாடுகளைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழித்தவன். அவன் காசுகளில் ஆப்பிரிக்கா யானைத்தோலைத் தலையில் அணிந்தும், எகிப்து ஒலிக்கருவியை ஏந்தித் தன்முன் ஐபிசுப் பறவை நிற்கவும், இசுப்பானியா ஒலிவக்கிளையோடும் முயலோடும் சாய்ந்திருக்கக் காணலாம். பிரித்தானியாவும் ஒரு பெண்ணாகப் பாறைமேல் அமர்ந்திருக்கின்றாள். ஆண்டவரின் அச்சில் அடக்கப்பட்ட நாடாக அமர்ந்த இப் பெண்ணையே கி. பி. 1672-இல் இங்கிலாந்து தன் செப்புக்காசில் தன் பெருமையின் வடிவாகப் பொறித்துக்கொண்டது. உருவம் ஒன்றே, அதனைப் பொறிப்பவர் மாறின் பொருளும் மாறிவிடும் என்பதை இங்கே மனத்திற் கொள்க. பின்னர் இதனினும் பெரியதோர் எடுத்துக்காட்டினைக் காண்போம்.

4. தமிழகத்திற்கு வந்த இரண்டு காசுகள்

பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் மரக்கலங்களை அகநானூற்றின் 149-ஆம் பாட்டுக் கூறுகின்றது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்துகோடி செஸ்டெர்சுகளை உரோமப் பேரரசிலிருந்து ஈர்த்துக்கொள்கின்றது என்று பிளினி என்னும் உரோம ஆசிரியன் முறையிடுகின்றான். (நான்கு செஸ்டெர்சு ஒரு தெனாரியம்.) இவ்விரு கூற்றிற்கும் சான்றாகக் கோயம்புத்தூர், கரூர் முதலிய பகுதிகளில் உரோமக் காசுக்குவியல்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டுள்ளன. அவற்றுள் வெள்ளிக்காசுகளிற் பெரும்பாலன இரண்டே வகையின.

முதல்வகை அகுஸ்து பேரரசனுடையது. பூப்பக்கத்தில் இரண்டு இளைஞர் நிற்கின்றனர்; அவர்க்கிடையே கேடயங்களும் ஈட்டிகளும் உள்ளன; மேலே குருமார்க்குரிய அகப்பையும் வளைகோலும் விளங்குகின்றன. இவ்விளைஞர் காயு, லூக்கியு என்போர், அகுஸ்துவின் மகள் வயிற்றுப் பேரர், கி. மு. 17-இல் அவனால் மகவாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். கேடயமும் ஈட்டியும் குதிரைவீரர் வகுப்பினர் அவர்க்கு அளித்த பரிசுகள்; அகப்பையும் கோலும் அவர் பெற்ற குருப்பட்டங்களின் அடையாளங்கள். ஆகவே இக் காசு கூறுவது: 'எனக்குப்பின் ஆள்வோர் இவர்; அஞ்சற்க' என்பதாம். ஆனால் நிகழ்ந்தது வேறு. லூக்கியு கி. பி. 2-ஆம் ஆண்டிலும், காயு கி. பி. 4-ஆம் ஆண்டிலும் இறந்துபட்டனர். பட்டம் எய்தியவன் அகுஸ்துவின் மனைவிக்கு முன்கணவனாற் பிறந்த திபேரியுவே. அவ்விளைஞர் மாண்ட பின்னரும் அவர்தம் உருவம் தாங்கிய காசுகள் கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்து மிளகிற்கு மாறின. இந்நாட்டிலேயே அவற்றைப் பார்த்து அடித்த போலிக்காசுகளும் கிடைத்துள்ளன. அவற்றில் இலத்தீன் எழுத்துக்கள் வெறுங்கோடுகளாய்ச் சிதைந்து கிடக்கின்றன. அடித்தவர்க்கு அவ்வெழுத்தின் பொருள் வேண்டப்படவில்லை, காசின் தோற்றமே வேண்டப்பட்டது என்பது தெளிவு.

இரண்டாம்வகை திபேரியுவினுடையது. அவன் கி. பி. 14 முதல் 37 வரை ஆண்டான். அவனுடைய தெனாரியத்தின் பூப்பக்கத்தில் ஒரு பெண் செங்கோலும் இலைக்கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கின்றாள். அவள் சமாதானத்தின் வடிவில் தோன்றும் அவன் தாய் லிவியா என்று பலர் கருதுவர். ஒருபுறத்து எழுத்து 'திபேரியு சீசர், தெய்வமாகிய அகுஸ்துவின் மகன், அகுஸ்து' என்றும், மறுபுறத்து எழுத்து 'தலைமைக் குரு' என்றும் பொருள்படும். சீசருக்கு வரி கொடுப்பது முறையோ என்று நம் ஆண்டவரை வினவியபோது, அவர் கேட்டு வாங்கிக் காட்டிய வெள்ளிப்பணம் இவ்வகையினதே என்று பெரும்பாலோர் கொள்வர். தமிழ் வேதாகமத்தில் இராயன் என்று வழங்கப்பட்டவன் இச் சீசரே. அக்காசின் எழுத்தை அறிந்தபின்னரே அவ்வினாவின் கூர்மை நமக்குப் புலப்படுகின்றது. உருவம் செய்தல் ஆகாது என்றும், கடவுள் ஒருவரே என்றும் கொண்ட மக்களின் கையில், மனிதன் ஒருவனைத் தெய்வத்தின் மகன் என்றும் தலைமைக் குரு என்றும் கூறும் காசு வரிப்பணமாகத் திணிக்கப்பட்டிருந்தது. அஃது யாருடைய உருவம், யாருடைய எழுத்து என்று அவர் கேட்ட கேள்வியே காசினைப் படிக்கும் கலையின் முதற் கேள்வியுமாம்.

இக் காசுகளைத் தமிழர் எங்ஙனம் நோக்கினர்? 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் ஒன்று கிடைத்தது. அவற்றுள் மிகப் பலவற்றின் தலைப்பக்கத்தில், பேரரசனது முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. தேய்ந்த காசுகளை வழக்கினின்று விலக்குதற்கு வெட்டினர் என்று சிலரும், அயலரசன் ஆணை இங்குச் செல்லாது என்று காட்டுதற்கு வெட்டினர் என்று வேறு சிலரும் உரைப்பர். எங்ஙனமாயினும், உரோமநகரத்தில் பேரரசனது மொழியாக நின்ற காசு இங்கே பொன்னாகவும் வெள்ளியாகவும் மட்டுமே மதிக்கப்பட்டது என்பது ஒருதலை. நீரோ கி. பி. 64-இல் காசுகளின் எடையைக் குறைத்தான். அதற்கு முற்பட்ட கனத்த வெள்ளிக்காசுகளே இங்கு மிகுதியாகக் கிடைத்தற்கு அக்குறைப்பே காரணம் என்று அறிஞர் பலர் கூறுவர்.

5. பேரீச்சமரம் ஒன்று, பொருள் மூன்று

கி. பி. 66-இல் யூதேயா நாட்டார் உரோமர்க்கு எதிராக எழுந்தனர். கி. பி. 70-இல் தீத்துவின் படை எருசலேமைக் கைப்பற்றித் தேவாலயத்தை எரித்தது. அப்போது பேரரசனாயிருந்தவன் அவன் தந்தை வெஸ்பாசியன். அடுத்த ஆண்டுமுதல் வெளிவந்த காசுகளில் 'யூதேயா பிடிபட்டது' என்னும் எழுத்தோடு ஒரு பேரீச்சமரம் காணப்படும். அதன் அடியில் ஒரு பெண் கன்னத்திற் கையூன்றித் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கின்றாள். மறுபக்கத்தில் சிலவற்றில் பேரரசன் ஈட்டியோடு நிமிர்ந்து நிற்பான். சிலவற்றில் கைகள் பின்கட்டப்பட்ட ஆண்மகன் ஒருவன் நிற்பான். அமர்ந்தவள் நாடு, நின்ற மரமும் நாடே. கன்னத்திற் கைவைத்திருத்தல் துயரின் குறி என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இக் காசினை உரோமநகரத்தான் ஒருவன் பார்த்துத் தன் படையின் பெருமையை எண்ணி மகிழ்ந்திருப்பான். ஆனால் இப் பேரரசின் காசுகள் தோற்றவர் கைக்கும் சென்றன. தேவாலயத்திற்கு அவர் அன்புடன் செலுத்திவந்த இரண்டு திராக்மாக் காணிக்கையை, உரோமநகரத்து யூபித்தர் கோயிலுக்குச் செலுத்துமாறு வெஸ்பாசியன் ஆணையிட்டான். தாயை இழந்தவன் தாய் இறந்து கிடக்கும் படத்தைக் கையிலேந்தி, கொன்றவனுக்கே வரியாகக் கொடுத்தல் எத்தன்மையதோ அத்தன்மையது இது.

பின்னர் கி. பி. 96-இல் நெர்வா என்னும் முதியவன் பேரரசனாயினான். அவன் காசு ஒன்றில் அதே பேரீச்சமரம் தனியே நிற்கின்றது. அழுகின்ற பெண்ணும் இல்லை, கட்டுண்ட ஆண்மகனும் இல்லை. எழுத்தோ 'யூதர் வரித்துறையின் பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது' என்று கூறுகின்றது. முந்திய ஆட்சியில் அவ்வரியின்பொருட்டு மக்கள்மேல் குற்றஞ்சாட்டி வருத்திய கொடுமை ஒழிந்தது என்பதே இதன் பொருள். வரியே ஒழிந்தது என்று காசு கூறவில்லை. காசு கூறாததை நாம் கூறுதல் ஆகாது. சொல்லியதன் எல்லையில் நிற்றல் உருவப்பொருள் காண்பார்க்கு இன்றியமையாத கடமையாகும்.

மூன்றாவதாக, கி. பி. 132 முதல் 135 வரை பார் கோக்பா என்பவன் தலைமையில் யூதர் மீண்டும் எழுந்தனர். அவர் புதிதாகத் தகடு வார்க்கவில்லை. வழக்கிலிருந்த அயலார் காசுகளையே எடுத்து, அவற்றின் மேற்றங்கிய உருவங்களைத் தட்டியும் அராவியும் மழுக்கி, அவற்றின்மேல் தம் அச்சினை அறைந்தனர். பெரிய வெள்ளிக்காசில், அறுபதாண்டுகட்கு முன் எரிந்துபோன தேவாலயத்தின் முகப்பு நான்கு தூண்களோடு எழுந்து நின்றது. 'எருசலேமின் விடுதலைக்காக' என்னும் எழுத்தும் அக்காலத்துக் காசுகளில் விளங்கிற்று. செப்புக்காசிலோ ஏழு கிளை விரித்துப் பேரீச்சமரம் நின்றது. சில காசுகளைச் சாய்த்துப் பார்ப்பின், புதிய உருவத்தின் அடியில் பேரரசன் முகத்தின் விளிம்பும் பழைய எழுத்தின் ஒரு பகுதியும் இன்றும் தெரியும்.

ஆகவே மரம் ஒன்றே. வெஸ்பாசியன் காசில் அது தோல்வி. நெர்வாவின் காசில் ஆறுதல். எழுச்சியாளர் காசில் விடுதலை. அகராதியைத் திறந்து 'பேரீச்சமரம் - யூதேயா' என்று எழுதிக்கொண்டு அமைவார் இம்மூன்றனையும் ஒன்றாகவே கொள்வர். யார் பொறித்தார், எந்த ஆண்டில் பொறித்தார், யார் கையிற் சென்று சேர்ந்தது என்று வினவுவாரே உண்மை காண்பார். அவ்வெழுச்சியும் முடிவில் கொடிதாக அடக்கப்பட்டது. ஆயினும் காசுகள் எஞ்சியுள்ளன.

6. உரக்கச் சொல்லிய காலம்

இனி, காசின் சொல்லும் உலகின் நிலையும் மாறுபடும் இடங்களைக் காண்போம். நீரோ தன் காசில், இரட்டைக் கதவுகள் மூடிய யானுசு கோயிலைப் பொறித்து, 'நிலத்தினும் நீரினும் உரோம மக்கட்குச் சமாதானம் உண்டாக்கி யானுசின் கதவை மூடினான்' என்று எழுதினான். போர் உள்ளபோது அக் கோயிற் கதவு திறந்திருத்தலும், எங்கும் போர் இல்லாதபோதே மூடப்படுதலும் மரபு. இக் காசுகள் வெளிவந்த காலத்தை ஒட்டியே யூதேயாவின் போர் மூண்டது.

கி. பி. 69-ஆம் ஆண்டில் நால்வர் ஒருவர்பின் ஒருவராகப் பேரரசராயினர். அவருள் ஓத்தோ என்பவன் 'உலகெங்கும் சமாதானம்' என்று காசில் எழுதினான்; ஏறக்குறைய மூன்று திங்களே ஆண்டு, உள்நாட்டுப் போரில் தோற்றுத் தற்கொலை செய்துகொண்டான். அவனை வென்ற விதெல்லியு இரு கைகள் ஒன்றையொன்று பற்றிய உருவத்தோடு 'படைகளின் விசுவாசம்' என்று பொறித்தான். அதே ஆண்டு முடிவதற்குள் வெஸ்பாசியனைச் சார்ந்த படைகள் விதெல்லியுவை வீழ்த்திக் கொன்றன. நெர்வாவின் காசுகளிலும் பற்றிய கைகளும் 'படைகளின் ஒற்றுமை'யும் காணப்படுகின்றன, கி. பி. 97-இல் அவனுடைய காவற்படையினரே அவனுக்கு எதிராகக் கலகம் விளைத்தனர். எனவே, காசு எதனை அடிக்கடி கூறுகின்றதோ அஃது அக்காலத்தில் நிறைந்திருந்தது என்று கொள்ளாது, அதன்பொருட்டு ஆள்வோர் கவலைகொண்டிருந்தனர் என்று கொள்ளுதலே பலவிடத்தும் பொருந்துவதாம். நலமுடையான் நலம் நலம் என்று நாடோறும் பறைசாற்றுவானோ?

இதன் உச்சநிலையைக் கல்லியேனு என்பவன் காலத்திற் காண்கின்றோம். அவன் தந்தை வலேரியன் கி. பி. 260-இல் பாரசீகர் கையிற் சிறைப்பட்டான். மேற்கில் ஒரு பகுதி தனியரசாய்ப் பிரிந்தது. இத்தகைய ஆட்சியில் அடித்த பொற்காசு ஒன்று 'எங்கும் சமாதானம்' என்கின்றது. வெள்ளிக்காசின் நிலையோ இரங்கத்தக்கது. அகுஸ்துவின் தெனாரியம் ஏறக்குறையத் தூய வெள்ளி. கல்லியேனுவின் ஆட்சி முடிந்த கி. பி. 268-ஆம் ஆண்டளவில் வெள்ளிக்காசு என்று பெயர்பெற்றதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்து பங்கிற்கும் குறைவு, எஞ்சியது செம்பே. மேலே எழுத்து வளமும் வெற்றியும் பேச, உள்ளே உலோகம் உண்மை பேசிற்று. கடைவீதியிற் பொருள்விற்போன் எதனை நம்பியிருப்பான் என்று கூறவும் வேண்டுமோ?

ஆயினும் காசுகள் யாவும் பொய் கூறும் என்று முடிவு செய்தலும் தவறு. நெர்வா ஒரு பெருஞ்செம்புக்காசில் இரண்டு கோவேறுகழுதைகள் வண்டியினின்று அவிழ்க்கப்பட்டுப் புல் மேயும் காட்சியைப் பொறித்தான். இத்தாலிய ஊரார் அரசாங்கப் போக்குவரத்திற்கு வண்டியும் விலங்கும் கொடுக்கும் சுமையினின்று விடுவிக்கப்பட்டனர் என்பது அதன் செய்தி. தெய்வமகளும் இல்லை, பேரரசன் பெருமிதமும் இல்லை. சுமை நீங்கிய விலங்குகள் மட்டுமே உள்ளன. உரோமக் காசுகளுள் எமக்கு மிக உவப்பானது இதுவே.

7. பழைய இறகும் புதிய பொருளும்

கான்ஸ்தந்தீனின் காசுகள் நெடுங்காலம் வெல்லற்கரிய சூரியனைத் தோழனாகக் காட்டின. கி. பி. 315-ஐ ஒட்டிய ஒரு வெள்ளிப் பதக்கத்தில் அவன் தலைச்சீராவின்மேல் கிறித்துவின் பெயரின் முதலிரண்டு கிரேக்க எழுத்துக்கள் பின்னிய குறி சிறியதாகத் தோன்றுகின்றது. கி. பி. 327-ஐ ஒட்டிய செப்புக்காசில் அக்குறி தாங்கிய கொடி ஒரு பாம்பினை ஊடுருவி நிற்கின்றது. கி. பி. 353-இல் மக்னென்சியு என்பவன் அக்குறியைப் பூப்பக்கம் முழுதும் நிறையப் பொறித்தான். இறகுடைய வெற்றிமகளோ உடனே மறையவில்லை. சிலுவையைக் கையிலேந்தித் தொடர்ந்து நின்றாள். ஆறாம் நூற்றாண்டில், முதலாம் யுஸ்தீன் காலத்துப் பொற்காசில், அவளுக்குரிய இடத்தில் தேவதூதன் நேர்நோக்கி நின்றான். இறகு மட்டும் மாறவில்லை. பழைய உருவங்கள் அழிவதினும் பொருள்மாறி வாழ்வதே பெரும்பான்மை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், உரோமக் காசொன்றைக் கையிற் கொண்டார் முறையே வினவத்தக்கன ஐந்து என்பது பெறப்படும். தலை யாருடையது? பட்டங்களின் எண் எந்த ஆண்டினைக் காட்டுகின்றது? பூப்பக்கத்து உருவம் கையில் ஏந்தியது யாது? அவ்வாண்டில் நிகழ்ந்தது யாது? காசு சொல்லாது விட்டது யாது? முதல் மூன்றிற்கும் விடை காசிலேயே உண்டு. பின்னிரண்டிற்கும் நூல்களை நாடவேண்டும். தோற்றவர் கூறியதும் கிடைப்பின் அதனையும் கேட்டல் வேண்டும். ஒவ்வோர் உருவத்தையும் பேரரசனே தெரிந்தெடுத்தானோ, அக்கசாலை அதிகாரிகள் அவன் மனமறிந்து செய்தனரோ என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினரல்லர். ஆயினும் அவன் முகத்தோடும் பெயரோடும் வெளிப்பட்ட உருவம் அவன் ஆட்சியின் குரலே என்பதில் ஐயமில்லை.

ஒன்றுமட்டும் கூறி முடிப்போம். நம் நாட்டில் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் வெளிப்பட்ட பழங்காசுகளுள் பல உருக்கப்பட்டு நகையாயின. உருக்கிய காசில் எஞ்சுவது எடை ஒன்றே. காயுவும் லூக்கியுவும் அதில் இல்லை, உளியால் வெட்டிய தழும்பும் இல்லை. ஊரகங்களிலிருந்து இக் கல்லூரிக்கு வந்து கற்கும் மாணவரும், கற்று ஊர் திரும்பிய பழைய மாணவரும் தத்தம் பகுதியில் பழங்காசு கிடைத்ததெனக் கேட்பின், அதனைத் துலக்காமலும் பிரித்து விற்கவிடாமலும், கிடைத்த இடத்தையும் உடன்கிடைத்த கலத்தையும் குறித்துக்கொண்டு, அரசினர் காட்சிச்சாலையினர்க்கு அறிவித்தல் வேண்டும். சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையில் தென்னாட்டிற் கிடைத்த உரோமக் காசுகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. விடுமுறையில் அங்குச் செல்லும் அன்பர்கள், கண்ணாடிப் பேழையின் முன் விரைந்து கடந்து போகாது சற்றே நின்று, அவ்வுருவம் யாருடையது, அவ்வெழுத்து யாருடையது என்று வினவிப் பார்ப்பாராக.